குச்சி மனிதனின் உடல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேலக்ஸிகளின் வரைபடம் ஒன்றையும் கணினி உருவாக்கிய பிரபஞ்சத்தையும் அருகருகே பார்த்தேன். படத்தை இணைத்திருக்கிறேன். வேறுபாடே தெரியவில்லை. இரண்டும் மூளை நரம்புகளைப் போலவும் இருக்கின்றன. விடையைத் தெரிந்துகொண்டு கணக்குப் போடுகிறார்களா?

மதிவாணன்

அன்புள்ள மதிவாணன்,

மூளை நரம்பை விட்டுவிடுங்கள். உற்றுப் பார்த்தால் எதுவும் எதைப் போலவும் தெரியும். ‘வேறுபாடே தெரியவில்லை’ என்று இவ்வளவு சீக்கிரம் எழுதிவிட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1986இல் டி லப்பாரெண்ட், கெல்லர், ஹுக்ரா என்ற வானியலாளர்கள் மூவரும் ஏறத்தாழ 1,100 கேலக்ஸிகளைக் குறித்து ஒரு வானத் துண்டின் படத்தை வெளியிட்டார்கள். நடுவில் ஒரு குச்சி மனிதன் கைகால் விரித்து நிற்பான். மங்கிப்போன நகல் ஒன்றில் அவனை முதலில் பார்த்தபோது வந்த பாசம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அவனுடைய உடல் வானத்தில் அந்த வடிவில் இல்லவே இல்லை. அது கோமா கொத்து என்ற கேலக்ஸித் திரள். தொலைவைச் செம்பெயர்ச்சியிலிருந்து, அதாவது விலகிச் செல்லும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவிலிருந்து, கணக்கிடுகிறோம். கொத்துக்குள் கேலக்ஸிகள் நொடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் முன்னும் பின்னும் பாய்கின்றன. அந்த வேகமும் செம்பெயர்ச்சியில் கலந்துவிடுவதால், திரண்டு கிடக்கும் கொத்து நம்மை நோக்கி நீளும் விரலாகப் பதிவாகிறது. ‘கடவுளின் விரல்கள்’ என்பார்கள். கடவுளுக்கு இதில் பங்கில்லை.

உங்கள் படத்தில் கணினிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் அந்த விரல்கள்! கணினிப் பிரபஞ்சம் என்ற பெட்டிக்குள் ஒரு பார்வையாளரைக் கற்பனையாக நிறுத்தி, வேகத்தைக் கலந்து, மங்கலான கேலக்ஸிகளைக் கழித்து, நம் கோணல்களையெல்லாம் உழைத்து வரவழைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒப்பீடே. அதுவும் புள்ளிக்குப் புள்ளி அல்ல. குறிப்பிட்ட தொலைவுக்குள் எத்தனை கேலக்ஸி இணைகள் என்பதுபோன்ற கணக்குகளில்.

விடை தெரிந்த கணக்கா? 1980களின் தொடக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள் என்பது நியூட்ரினோ என்ற மிக இலேசான துகள்தான் என்று பலர் ஆசையோடு நம்பினார்கள். ஒயிட், ஃப்ரெங்க், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1983இல் அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். விரைந்தோடும் நியூட்ரினோக்கள் சிறு திரட்சிகளைக் கலைத்துவிடும். பெரியவைதான் முதலில் உருவாகும். கேலக்ஸிகள் பிறந்து முடிவதற்குள் எல்லாம் வானத்தில் காண்பதைவிட மிக அதிகமாகக் கொத்துக்கொத்தாகிவிட்டது. நம்பிக்கை அத்தோடு சரிந்தது. விரும்பிய விடையைத் தரும் கருவியென்றால் அன்றைக்கே தந்திருக்குமே, ஐயா!

உங்கள் சந்தேகத்துக்கு வேறோர் இடம் இருக்கிறது. விண்மீன்கள் பிறக்கும் வேகம், கருந்துளைகள் வாயுவை வெளியே தள்ளும் வலு ஆகியவற்றுக்கான எண்களை, வானத்தைப் பார்த்துத்தான் கணினிக்குள் திருகி வைக்கிறார்கள். அங்கே போய்க் கேளுங்கள் இந்தக் கேள்வியை. நானும் உங்களோடு நிற்கிறேன்.