அடி வாங்கிய பிறகு வந்த புத்தி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 54 வயது. 12 வருஷத்துக்கு முன் அப்பாவின் வீட்டை என் பேருக்கு மாற்ற, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தம்பியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். கொடுத்த தொகை அவன் பங்கில் கால்வாசிகூட வராது. சார்பதிவாளர் அலுவலகப் படியில் நின்று, "அண்ணே, அம்மா இருந்த பின்கட்டையாவது விட்டுடுண்ணே" என்றான். நான் டோக்கன் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வருஷம் கடை நொடித்துப்போனது. கடன், சர்க்கரை, காலில் ஆறாத புண். ராத்திரி படுத்தால் அந்தக் குரல்தான். ஜெபத்தில் அழுகிறேன். கல்லாவில் காசு இருந்தவரை வராத புத்தி இப்போது வருகிறதே, இது மனந்திரும்புதலா, வெறும் பயமா?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

பைபிளில் யோசேப்பை அண்ணன்மார் விற்ற கதை தெரிந்ததுதான். ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தை மறுபடி படியுங்கள். குழியில் போட்டுவிட்டு அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததுகூட இருக்கிறது. தம்பி கெஞ்சியது ஒரு வரி இல்லை. அது 42-இல்தான் வருகிறது. இருபது வருஷம் கழித்து, பஞ்சத்துக்குத் தானியம் வாங்கப்போன எகிப்தில் மூன்று நாள் காவலில் கிடந்த பிறகு, 'அவன் கெஞ்சினானே, நாம் கேட்கவில்லையே' என்று பேசிக்கொள்கிறார்கள். அதுவரை அந்தக் குரல் எங்கே இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பயத்தில் வந்ததாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் அந்த இடத்தில், இந்த ஆபத்து நமக்கு ஏன் வந்தது என்பதுதான் அவர்கள் கவலை. மூத்த அண்ணன் ரூபனோ, 'அன்றைக்கே சொன்னேனே' என்று குத்திக்காட்டுகிறார். (எல்லாக் குடும்பத்திலும் ஒரு ரூபன் உண்டு.) மாற்றம் 44-இல், இன்னொரு அண்ணன் யூதாவிடம் தெரிகிறது. விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவரே அவர்தான். கிடைத்தது 20 வெள்ளிக்காசு. இப்போது கடைசித் தம்பி பென்யமீன் திருட்டுப் பழியில் மாட்டிக்கொண்டதும், 'இவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன்' என்கிறார். எதிரே எகிப்தின் அதிகாரியாக நிற்பது யோசேப்பு என்பது அவருக்குத் தெரியாது.

சர்க்கரைக்கும் பாவத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். புண்ணை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், தூக்கமில்லாததையும் சொல்லுங்கள்.

தம்பியிடம் போனால் உங்கள் கஷ்டத்தில் ஆரம்பிக்க வேண்டாம். பின்கட்டை அவர் பேருக்கு எழுதிக்கொடுக்க வழியிருக்கிறதா என்று முதலில் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். மன்னிப்பதும் மறுப்பதும் அவர் பாடு, அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் அப்பா யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து இறந்த பிறகும், யோசேப்பு பழிவாங்குவாரோ என்ற பயம் அந்த அண்ணன்மாரை விடவில்லை.

கடை, கடன், சர்க்கரை, புண் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தம்பி இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லையே?