பள்ளி யாருடைய சொல்?

அன்புள்ள ஐயா,

சமண முனிவர்கள் மலைக்குகைகளில் கற்படுக்கை வெட்டித் தங்கினார்கள், அங்கேயே பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால்தான் படிக்கும் இடத்துக்குப் ‘பள்ளி’ என்று பெயர் வந்தது என ஓர் உரையில் கேட்டேன். அப்படியென்றால் பள்ளிவாசல் எப்படி வந்தது? பள்ளி சமணச் சொல்தானா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

படுக்கை என்ற பொருள் உண்மைதான். பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி எல்லாம் அந்த வழியில் வந்தவை. கல்வெட்டுச் சான்றும் பழையது. மதுரைக்கு அருகே மாங்குளத்தில், நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, கணி நந்தன் என்ற துறவிக்காக வெட்டுவித்த இடத்தைப் ‘பளிஇ’ என்கிறது. அதன் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த கல்வெட்டில், அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்தது ‘பாளி’, அதாவது இருப்பிடம்.

ஆனால் கல்வெட்டு சமணர் குகையில் இருப்பதாலேயே சொல்லும் அவர்களுடையதாகிவிடாது. மதுரைக்காஞ்சியில் ‘கடவுட் பள்ளி’ வருகிறது. உரைகாரர் அதைப் பௌத்தப் பள்ளி என்கிறார். சில அடிகள் தள்ளி ‘குன்று குயின்றன்ன அந்தணர் பள்ளி’. ஒரே நகரில், ஒரே பாட்டில், வேறுவேறு சமயத்தார்க்கு ஒரே சொல்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று தொல்காப்பியம். எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களைச் ‘சொல்லிய பள்ளி’ என்று குறிக்கிறது. நெஞ்சும் மிடறும் நாவும் அண்ணமும் பள்ளிகள்! இங்கே சமயமும் இல்லை, படுக்கையும் இல்லை. இடம் என்பதே பொருள். துறவியர் தங்கும் இடத்துக்கு அது பெயரானது அந்தப் பொது வழக்கிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

துறவியர் பள்ளியில் கல்வி நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, விடால் என்ற ஊரின் சமணப் பள்ளியில் இருந்த கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியையும் அவருடைய மாணாக்கியர் 500 பேரையும் குறிப்பிடுகிறது. ஒரு பெண் ஆசிரியர், அவரிடம் இத்தனை பெண்கள். நம் பாடப்புத்தகங்களில் முதல் பக்கத்தில் இருக்கவேண்டிய செய்தி.

சோழர் காலத்தில் சமண, பௌத்த நிறுவனங்களுக்கு விடப்பட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் அளித்த ஆனைமங்கலமும் அந்த வகைதான். இஸ்லாம் இங்கே வேர்விட்டபோது தொழும் இடத்துக்குத் தமிழர் வேறு சொல் தேடிப் போகவில்லை. மலையாளத்தில் இன்றும் மசூதியும் பள்ளி, கிறிஸ்தவத் தேவாலயமும் பள்ளி.