களைப்பு போக விட்டமின் ட்ரிப் போட்டுக்கொள்ளலாமா? 'மையர்ஸ் காக்டெயில்' நல்லதா?

கேள்வியைப் பார்த்தால் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. சரி, ஊசி ஏறுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. யாங்கோனில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 'மாத்திரை விற்கிறவன் ட்ரிப்பைக் குறை சொல்லத்தான் செய்வான்' என்று எழுத வருபவர்களுக்கு: சலைன் பாட்டிலும் ட்ரிப் செட்டும் நானும்தான் விற்கிறேன்.

காய்ச்சலோ களைப்போ, 'ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க' என்று நாமே கேட்கிற பழக்கம் இங்கே முன்பே உண்டு. இப்போது அதற்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டார்கள். அந்தக் கோட்டு சூட்டுக்குப் பெயர்தான் 'மையர்ஸ் காக்டெயில்', விட்டமின் கலந்து நரம்பில் ஏற்றுகிற ட்ரிப். மையர்ஸ் என்பவர் அமெரிக்காவில் பால்டிமோர் டாக்டர், விட்டமின் ஊசி போட்டு வந்தவர். அவர் 1984இல் காலமான பிறகு ஆலன் கேபி என்ற டாக்டர் அந்த ஊசியைத் தொடர்ந்து போட்டு, 2002இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். மெக்னீசியம், கால்சியம், பி வகை விட்டமின்கள், விட்டமின் சி, இவ்வளவுதான் சரக்கு. ஏறும்போது உடம்பு கதகதவென்று இருக்கும். சக்தி வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது மெக்னீசியம் செய்கிற வேலை. வேகமாக ஏற்றினால் பிரஷர் இறங்கிவிடும்.

பலன் உண்டா? ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடல்வலி நோய் உள்ள 34 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. பாதிப் பேருக்கு இந்தக் கலவை, மீதிப் பேருக்கு விட்டமின் இல்லாத வெறும் ட்ரிப். இரண்டு பக்கமும் வலி குறைந்தது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அத்தை. பல வருடமாகச் சர்க்கரை. எப்போதும் அசதி என்று அவரை ஒரு கிளினிக்குக் கூட்டிப்போய், விட்டமின் சி மட்டுமே 25 கிராம் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமே தாராளம். சாயங்காலம் வீட்டு மெஷினில் சர்க்கரை 450க்கு மேல் காட்டியது. அத்தை மகன் போனில், "மச்சான், இன்சுலின் எத்தனை யூனிட் கூட்டட்டும்?" என்று பதறினான். தாகம் இருக்கிறதா, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறாரா என்று கேட்டேன். எதுவும் இல்லை. அன்று காலையில் பார்த்தபோதும் சாதாரண அளவுதான். அப்புறம்தான் ட்ரிப் கதை வெளியே வந்தது. "ஒரு யூனிட்கூட ஏத்தாதே, கையில ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பு" என்றேன். லேபில் 160.

ரத்தத்தில் விட்டமின் சி அளவுக்கு மீறி இருந்தால் வீட்டு மெஷின்கள் பல அதையும் சர்க்கரை என்றே எண்ணிக்கொள்ளும். சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை பல மணி நேரம் இப்படித்தான். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டிருந்தால் அத்தையை மயக்கத்தில்தான் தூக்கியிருப்போம். கிளினிக்கில் ஒருவர்கூட இதைச் சொல்லி அனுப்பவில்லை. இன்னொன்று, அத்தை வருடக்கணக்கில் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். அது உடம்பில் விட்டமின் பி12ஐக் குறைக்கும். அசதி என்றால் முதலில் அதைத்தானே பார்க்க வேண்டும்? அப்புறம் பார்த்தோம், குறைவாகத்தான் இருந்தது.

  

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பி12 உடம்பில் சேராதவர்களுக்கு ஊசி வேண்டும். குடியில் நொந்துபோனவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தயமின் (விட்டமின் பி1) ஏற்றுவது மூளையைக் காப்பாற்றும். உங்களுக்கு வெறும் களைப்பு என்றால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பாருங்கள். அப்படியும் ட்ரிப் போட்டே தீருவேன் என்றால், விட்டமின் சி அதிகம் ஏற்றுவதற்கு முன் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) ஜி6பிடியும் (சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி) பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், விட்டமின் சி உடம்பில் மாறி உண்டாகும் ஆக்சலேட் என்ற உப்பு அதில் படிந்து அது இன்னும் கெடும். ஜி6பிடி குறைவு மலேரியா இருந்த ஊர்க்காரர்களிடம் அதிகம், நம் பர்மாவிலும் உண்டு. அவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். இந்த இரண்டு சோதனையும் எதற்கு என்று கிளினிக்கில் திருப்பிக் கேட்டால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.