எந்தப் பாறையில் கிடைத்தது? – வாசகர் கேள்வி பதில்

நிலவியல், தொல்லுயிரியல் செய்திகளைத் தொடர்ந்து படித்துவரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: கதிரியக்கக் கார்பன் முறையால் சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கணக்கிட முடியாது என்று படித்தேன். அப்படியிருக்க, டைனோசர் எலும்பின் வயது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். கார்பன்-14 அணுக்களில் பாதி சிதைவதற்கு 5,730 ஆண்டுகள் ஆகும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் கழிந்தபின் அளக்கும்படியாக அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே டைனோசர் எலும்புக்கு அந்த முறையை யாரும் பயன்படுத்துவதில்லை. இன்னும் சொல்லப்போனால், பெரும்பாலும் எலும்பையே அளப்பதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து யுரேனியத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதை இழக்கவும் செய்யும். வரவும் செலவும் எழுதப்படாத கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கையிருப்பைச் சொல்ல முடியாதல்லவா? அளக்கப்படுவது எலும்பு கிடைத்த அடுக்குக்கு மேலும் கீழும் படிந்திருக்கும் எரிமலைச் சாம்பல்தான்.

அந்தச் சாம்பலில் சிர்க்கான் என்னும் கனிமத்தின் நுண்படிகங்கள் இருக்கும். பல படிகங்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இரா. பாறைக்குழம்பிலிருந்து உருவாகும்போது சிர்க்கான் யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் ஏற்றுக்கொள்கிறது. காரீயத்தையோ ஏறக்குறைய முழுவதும் வெளியே நிறுத்திவிடுகிறது. ஆகவே இன்று அதற்குள் காணப்படும் காரீயம் யுரேனியம் சிதைந்ததால் உண்டானது என்று கொள்ளலாம். யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாகக் குறைய ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளும் ஆகின்றன. இரண்டும் காரீயத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகளாக, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளாக, முடிகின்றன. ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் இருப்பதற்கு இது ஒப்பாகும். இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் அந்தப் படிகத்தை நம்பலாம். காட்டாவிட்டால் இடையில் காரீயம் கசிந்திருக்கக்கூடும் என்பது உடனே தெரிந்துவிடும். இந்த முறையின் அழகே, தவறு நேர்ந்தால் அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுவதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கீழேயுள்ள சாம்பலின் வயது 7 கோடி ஆண்டுகள், மேலேயுள்ளதன் வயது 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது என்பது மட்டுமே உறுதி. செய்தித்தாளுக்கு வந்து சேர்வதற்குள் இந்த இடைவெளி மறைந்து, ஒற்றை எண்ணாகிவிடுகிறது. நீங்கள் குறிப்பிடும் 6 கோடியே 60 லட்சம் என்பது உண்மையில் கிரெட்டேசியக் காலம் முடிந்த எல்லையின் வயது. பறவைகள் நீங்கலாக மற்ற டைனோசர்கள் யாவும் மறைந்த அந்த எல்லையில், இத்தாலியின் குப்பியோ என்ற ஊருக்கு அருகிலுள்ள மெல்லிய களிமண் அடுக்கில் இரிடியம் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை லூயி அல்வாரெஸ், வால்டர் அல்வாரெஸ் குழுவினர் 1980இல் வெளியிட்டார்கள். பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் கூடுதலாகவும் காணப்படும் உலோகம் அது. அதைக் கொண்டுவந்த பெரும் விண்கல் பூமியில் மோதிய தடமான சிக்சுலுப் பள்ளம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் விட்டத்துடன் மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.

கேள்வி: பிளந்த கல்லொன்றின் முகத்தில் பெரணிச் செடி போன்ற கருநிற உருவம் அச்சுப்போல் பதிந்திருக்கிறது. இது புதைபடிவமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், அது செடியன்று. கல்லின் விரிசலுக்குள் நீர் கசியும்போது அதில் கரைந்திருந்த மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் கிளைகிளையாகப் படிந்து உருவாக்கும் கோலம் இது. இதனை டென்ட்ரைட் என்பார்கள். ஏமாறாதவர் இல்லை, நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். பெரணி இலையில் நடுவே ஒரு காம்பும், இருபுறமும் ஒழுங்காக அமைந்த சிற்றிலைகளும், அவற்றுள் நரம்புகளும் இருக்கும். டென்ட்ரைட்டில் கிளைக்கும் இலைக்கும் வேறுபாடே இராது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கிளையிலிருந்து கிளை பிரியுமேயன்றி நரம்பு தென்படாது. அதைவிட முக்கியமான சான்று அது அமைந்திருக்கும் தளம். உண்மையான இலை, வண்டல் படிந்த அடுக்குகளுக்கு இணையாகக் கிடக்கும். உங்கள் கல்லின் பக்கவாட்டில் அடுக்குக் கோடுகள் தெரிகின்றன; உருவமோ அவற்றைக் குறுக்காக வெட்டிச் செல்லும் விரிசலின் முகத்தில் இருக்கிறது. எந்த இலையும் அப்படிச் செங்குத்தாக நின்று புதைவதில்லை.

கேள்வி: "உலகின் மிகப் பழமையான உயிரின் தடம்" என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு செய்தி வருகிறது. பின்னர் அதை மறுத்து இன்னொன்று வருகிறது. எதை நம்புவது?

பதில்: 2016இல் கிரீன்லாந்தின் இசுவா பகுதியில் 370 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் சில சென்டிமீட்டர் உயரமுள்ள கூம்புகள் இருப்பதாகவும், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பும் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் அவை என்றும் அறிவிக்கப்பட்டது. 2018இல் தன் முடிவை வெளியிட்ட வேறொரு குழு அதே இடத்துக்குச் சென்று, பாறையின் முகத்தை மட்டும் பார்க்காமல் அதனை மூன்றாவது பரிமாணத்திலும் வெட்டிப் பார்த்தது. முகப்பில் கூம்பாகத் தோன்றியவை உள்ளே நீண்ட முகடுகளாகச் சென்றதால், பாறை அழுத்தத்தில் மடிந்து நெளிந்ததன் விளைவே அந்த வடிவங்கள் என்று அக்குழு வாதிட்டது. முதற்குழு தன் முடிவைக் கைவிடவில்லை.

என் சாய்வு மறுத்தவர்கள் பக்கம்தான். அந்தப் பாறைகள் பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி உருமாறியவை. அத்தகைய பாறையில் வடிவம் மட்டுமே சான்றாகப் போதாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஏறத்தாழ 348 கோடி ஆண்டுப் பழமையான ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் பரவலாக ஏற்கப்பட்டிருப்பதற்கு, அங்குள்ள பாறை அவ்வளவாகச் சிதையாமல் இருப்பதும் ஒரு காரணம்.

கேள்வி: புதைபடிவங்களில் போலிகள் வருமா? வல்லுநர்களே ஏமாந்ததுண்டா?

பதில்: உண்டு. 1999 நவம்பரில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ், டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட உயிரி என்று "ஆர்க்கியோராப்டர்" என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. சீனாவிலிருந்து வெளியேறி, அமெரிக்காவில் நடந்த ஒரு கண்காட்சிச் சந்தையில் விலைக்கு வாங்கப்பட்ட கற்பலகை அது. எந்தக் குழியில், எந்த அடுக்கில் எடுக்கப்பட்டது என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. இடது பாதமும் வலது பாதமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருப்பதைத் தொல்லுயிரியலாளர் ஃபிலிப் கரி கவனித்தார். ஒரு கல்லைப் பிளந்தால் புதைபடிவம் இரு பாதிகளிலும் தெரியும். ஒரே பாதத்தின் அந்த இரு பாதிகளையும் எடுத்து இரு பாதங்களாக ஒட்டியிருந்தார்கள். வால் பகுதிக்குரிய மறுபாதியைச் சீனத் தொல்லுயிரியலாளர் சூ சிங் சீனாவில் கண்டபோது, அது முற்றிலும் வேறொரு விலங்கின் உடலோடு இணைந்திருந்தது. முன்பகுதி யானோர்னிஸ் என்ற பழம்பறவை. வால் மைக்ரோராப்டர் என்ற சிறு டைனோசர்.

இதில் வருத்தம் தருவது என்னவென்றால், இரண்டுமே தனித்தனியாக அறிவியலுக்கு அரிய பொருள்கள். இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கியது விலை கூடுவதற்காகவே.

கேள்வி: எங்கே தோண்டினால் கிடைக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? என் கண்ணில் ஒன்று பட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதற்பகுதிக்கு டிக்டாலிக் என்ற பழங்கால மீனின் கதையே போதும். மீன்களிலிருந்து நான்கு கால் விலங்குகள் தோன்றிய காலம் எதுவென்று முன்பே கிடைத்த படிவங்களிலிருந்து ஓரளவு தெரிந்திருந்தது. ஆகவே எட்வர்ட் டாஷ்லர், நீல் ஷூபின், ஃபாரிஷ் ஜென்கின்ஸ் ஆகியோர் விலங்கைத் தேடுவதற்கு முன் பாறையைத் தேடினார்கள்: ஏறத்தாழ 37 கோடியே 50 லட்சம் ஆண்டுப் பழமையானதாகவும், ஆழமில்லாத ஆற்றுநீரில் படிந்ததாகவும், மண்ணும் மரமும் மூடாமல் திறந்து கிடப்பதாகவும் இருக்க வேண்டும். கல்லூரிப் பாடநூலொன்றில் இருந்த நிலவியல் வரைபடம் கனடாவின் ஆர்க்டிக் தீவுகளை அவர்களுக்குக் காட்டியது. 1999இல் தொடங்கிய தேடல், 2004இல் எல்ஸ்மியர் தீவில் பாறைச் சரிவிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ஒரு தட்டையான மூக்கில் முடிந்தது. செதிலும் துடுப்பும் கொண்ட, ஆனால் கழுத்தைத் திருப்பவும் துடுப்பை ஊன்றி உடலைத் தூக்கவும் கூடிய மீன் அது.

இரண்டாவது பகுதிக்கு விடை எளிது. எடுக்காதீர்கள். எடுத்துச்செல்வது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பது ஒருபுறமிருக்க, பெயர்த்த நொடியிலேயே அடுக்கோடு அதற்கிருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. பக்கத்தில் அளவுகோலை வைத்து அருகிலிருந்து ஒரு படமும், முழுப் பாறைச் சரிவும் தெரியும்படி தொலைவிலிருந்து ஒரு படமும் எடுத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ அனுப்புங்கள். தானே உதிர்ந்து கீழே கிடந்த துண்டாக இருந்தால் அதையும் அப்படியே குறிப்பிடுங்கள். அது மேலேயுள்ள எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய முதல் வேலையாக இருக்கும்.