தன்னார்வத் தளங்களுக்குப் புதிதாக வருகிறவர்களை எப்படி வரவேற்பது?

தமிழ் விக்கிப்பீடியாவில் சில வருடங்களாக எழுதுகிறேன். அங்கே பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

புதுப்பயனரின் பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் பக்கத்தில், 'வாருங்கள்' என்று ஒரு வரவேற்புச் செய்தி விழும். உதவிப் பக்கங்களுக்கு இணைப்புகள் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் கட்டுரையைச் சேமித்த அரை மணி நேரத்தில் அவருக்கு என்ன நடக்கிறதோ, அதைத்தான் நான் வரவேற்பு என்பேன்.

இது எனக்குப் புரிந்தது நான் செய்த ஒரு தவறால். ஒரு நாள், தளத்தில் யார் எதை மாற்றினாலும் வரிசையாகக் காட்டும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தன் ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை தொடங்கியிருந்தார். "எங்கள் ஊர் ஏரி மிகவும் அழகானது" என்று ஆரம்பம். மேற்கோள், அதாவது ஆதாரம், ஒன்றுகூட இல்லை. கட்டுரையை நீக்கலாம் என்று சொல்லும் அறிவிப்பான நீக்கல் வார்ப்புருவைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அந்தப் பக்கத்தின் வரலாற்றை, அதாவது ஒவ்வொரு சேமிப்பையும் காட்டும் பட்டியலைத் திறந்தபோதுதான் உறைத்தது. இருபது நிமிடத்தில் நான்கு முறை சேமித்திருக்கிறார். ஒரு முறை இரண்டு மதகு என்றிருந்ததை மூன்று மதகு என்று மாற்றியிருக்கிறார். இன்னொரு முறை 'ஏறி' என்பதை 'ஏரி' என்று திருத்தியிருக்கிறார். நான்காவதுக்கு அடுத்து என் வார்ப்புரு. அதோடு நின்றுவிட்டது. எழுதிக்கொண்டிருந்த மனிதரைப் பாதியில் எழுப்பி விட்டிருக்கிறேன். வார்ப்புருவை எடுத்தேன், அவர் பேச்சுப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பி வரவில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 'புதியவர்களைக் கடிக்காதீர்கள்' என்றே ஒரு வழிகாட்டல் உண்டு. 2007-க்குப் பிறகு அங்கே தொகுப்பவர்களின் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. நல்லெண்ணத்தோடு வருகிறவர்களின் திருத்தங்களும் உடனுக்குடன் நீக்கப்படுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கே அந்த நிலை. தமிழில் 2003-இல் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டோம். ஆனால் மாதாமாதம் எழுதுகிறவர்கள் சில நூறு பேர்தான். ஒருவர் மனம் கசந்து போனாலும் நமக்குப் பெரிய இழப்பு.

அதன்பிறகு என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். விளம்பரம், வசை என்றால் உடனே எடுத்துவிடுவேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றதற்கு முதலில் வரலாற்றைப் பார்ப்பேன். ஆள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால் காத்திருப்பேன். அப்புறம் ஏதாவது ஒன்றை நானே சரிசெய்துவிட்டு, என்ன செய்தேன் என்று அவருக்கு எழுதுவேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தெருக்கூத்து பற்றி எழுதினார். நடுவில் ஒரு பத்தி நாளிதழிலிருந்து அப்படியே எடுத்தது. காப்புரிமை விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. பத்தியை நீக்கிவிட்டு எழுதினேன்: "ஐயா, அது நாளிதழில் வந்த வாசகம் என்பதால் எடுத்திருக்கிறேன். உங்கள் சொற்களில் எழுதி, அந்த நாளிதழை மேற்கோளாகக் காட்டினால் போதும். கூத்தில் ஊதும் முகவீணை பற்றி நீங்கள் எழுதியிருப்பது அருமை. அதை இன்னும் கொஞ்சம் விரித்து எழுத முடியுமா?"

பதில் கட்டுரைக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்தது: "தம்பி, புரிந்தது. நாளை காலை செய்கிறேன்." அதைப் பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்தினேன். பதிலுக்குக் கீழே நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் பெயர் தானாக வரும் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலை முகவீணை பற்றி இரண்டு பத்தி சேர்த்திருந்தார்.

ஒத்தாசைப் பக்கம், ஆலமரத்தடி என்று கேள்வி கேட்க நல்ல இடங்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் முதல் நாள் வந்தவருக்கு அங்கே போக வழி தெரியாது. அவர் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

அந்த ஏரிக் கட்டுரையைப் பிறகு நானே மேற்கோள் தேடி வளர்த்தேன். அவர் திருத்திய மூன்று மதகு வரி இன்னும் அப்படியே இருக்கிறது.