காய்ச்சலுக்கு முன் எந்தக் குளத்தில் குளித்தீர்கள்?

பாளையங்கோட்டையில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவராக இருக்கிறேன். "எல்லாச் சோதனையும் எடுத்தாகிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை" என்று வருகிறவர்களின் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். அம்பாசமுத்திரம் முதல் ராதாபுரம் வரை எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்க்காத நோயாளிக்கு நான் மருந்து எழுத மாட்டேன். மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆய்வகத்தில் நுட்பநராக இருக்கிறேன். 52 வயது விவசாயி, சர்க்கரை நோய் உண்டு, கல்லீரலில் சீழ்க்கட்டி. சீழில் கிராம் நெகட்டிவ் வகைக் கிருமி வளர்ந்தது, ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனை பாசிட்டிவ். சூடோமோனாஸ் என்ற கிருமி என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். ஆனால் ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அது கட்டுப்படவில்லை, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படுகிறது. மனது உறுத்துகிறது.

உறுத்தியது நல்லது, தம்பி. முதலில் வார்டுக்குப் போன் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா இதற்கு நேர் எதிராக நடக்கும். அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டை அது மதிக்காது, கோலிஸ்டினுக்குப் பெரும்பாலும் பணியும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் ஒன்றாக வந்தால் பர்க்கோல்டீரியா சூடோமாலை என்ற கிருமியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். அந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் குடியிருக்கிறது. பிசான நெல் நடவுக்குத் தொழிச் சேற்றில் இறங்கி நிற்கிறவரின் காலில் ஒரு சிறு வெட்டு இருந்தால் போதும். பெருமழையும் காற்றும் அடிக்கும்போது மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சர்க்கரை நோயாளிகளை இது தேடிப் பிடிக்கும். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்குப் புராஸ்டேட் என்று எங்கு வேண்டுமானாலும் சீழ் கட்டும்.

கிருமி வளர்த்த தட்டை இன்னும் எறியவில்லை என்றால் மூடி மூன்று நான்கு நாள் வைத்துப் பாருங்கள். முதல் நாள் அடையாளமே தெரியாத சிறு புள்ளிகள்தான் இருக்கும். போகப் போக வெயிலில் காய்ந்த வற்றல் போலச் சுருக்கம் விழும். சிலைடில் கிருமியின் இரண்டு முனைகளும் சாயம் ஏறி, நடு வெளிறி, ஊக்குப் போலத் தெரியும். மண்வாசனை அடிக்கும் என்று பழைய பாடநூல்களில் இருக்கும். தயவுசெய்து மூக்கைக் கொண்டுபோகாதீர்கள். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கே தொற்றக்கூடிய கிருமி இது. இனிமேல் அந்தத் தட்டைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். தானியங்கி இயந்திரம் பர்க்கோல்டீரியா செபேசியா என்று காட்டினாலும் நம்பி விட்டுவிடாதீர்கள், அந்தக் குழப்பம் உலகம் முழுக்க நடக்கிறது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்கு அனுப்பி உறுதி செய்யலாம். ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அவசரம் ஏனென்றால், காய்ச்சல் என்றதும் போடும் வழக்கமான ஊசிகள் இதற்குப் போதாது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பு வழியே ஏற வேண்டும். உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் அதற்கும் மேல். பிறகு மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

ஒரு செய்தியையும் சொல்லத் தோன்றுகிறது. இந்த நோயை முதன்முதலில் விவரித்தவர்கள் 1911-இல் ரங்கூனில் வேலை பார்த்த அல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும். நெடுங்காலம் இதை 'விட்மோர் நோய்' என்றே அழைத்தார்கள். கிருஷ்ணசாமியின் பெயரை நாமாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

டாக்டர், மானூர் பக்கம் எங்கள் ஊர். மகனுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை என்கிறார்கள். தினமும் ஆடு பத்திக்கொண்டு காட்டுக்குப் போவான்.

அம்மா, கடைசி வரியில் எழுதியதை மருத்துவரிடம் முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். பையனை வெளிச்சத்தில் நிறுத்தி, உடம்பை முழுக்கப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிற்றின் அடி, காதின் பின்புறம், தலைமுடிக்குள். பீடி நெருப்பால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்து, வலியோ அரிப்போ இல்லாமல் இருக்கிறதா? இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக்காய்ச்சலாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பொருக்கு இல்லை என்பதற்காக அந்தக் காய்ச்சல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து இது வருகிறது. மழைக்குப் பிறகான குளிர் மாதங்களில் அதிகம். இந்தக் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். அதனால் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எத்தனை முறை எடுத்தாலும் "வளர்ச்சி இல்லை" என்றுதான் வரும். ஐ.ஜி.எம். எலிசா என்ற ரத்தச் சோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் ஐந்தாறு நாளில் அதுவும் தவறவிடலாம், உங்கள் மகனுக்கு ஒன்பது நாள் ஆகிவிட்டதால் பயன் தரும். பொருக்கு இருந்தால் அதைச் சுரண்டி பி.சி.ஆர். பார்க்கலாம். இதற்கு டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்து இருக்கிறது. சரியான நேரத்தில் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டால் நுரையீரலையும் மூளையையும் தொடும். இன்றே கூட்டிப் போங்கள்.

பெரியவர்களுக்குக் கல்ச்சர் செய்ய ஏன் அத்தனை ரத்தம் எடுக்கிறார்கள்? இரண்டு கையிலும் குத்துகிறார்களே?

ஒரு மில்லி ரத்தத்தில் சில சமயம் ஒரே ஒரு கிருமிதான் இருக்கும். அதனால்தான் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. ஒரு கையில் எடுத்ததில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் ஊசி குத்தும்போது ஒட்டியது என்று தெரிந்துகொள்ளலாம், இரண்டிலும் வளர்ந்தால் விஷயம் வேறு. முதல் டோஸ் மருந்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

களக்காட்டில் வாழை போட்டிருக்கிறேன். சருகு அறுக்கும்போது கண்ணில் அடித்துவிட்டது. அம்மா தாய்ப்பால் விடச் சொன்னாள், மருந்துக் கடையில் சொட்டு மருந்து தந்தார்கள். நான்கு நாள் நன்றாக இருந்தது. இப்போது கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு.

அந்தச் சொட்டு மருந்தை இந்த நிமிடமே நிறுத்துங்கள், பாட்டிலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பும் வலியும் அடங்குவதால் குணமாவது போலத் தோன்றும், உள்ளே பூஞ்சை மட்டும் தடையில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். தாய்ப்பால் வேண்டாம். தூசியை நாக்கால் எடுத்துவிடுகிறவரிடமும் போகாதீர்கள். அன்பாகச் செய்கிற வேலைதான், ஆனால் வாயில் இருக்கும் கிருமி எல்லாம் கீறிய கருவிழியில் இறங்கும்.

பயப்பட வேண்டாம் என்பதற்காக அங்கே என்ன செய்வார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டுவார்கள். எள்ளில் பாதிகூட இருக்காது. அதைச் சிலைடில் வைத்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் திசு கரைந்து தெளியும், பூஞ்சை கரையாது. சில நிமிடங்களில் நுண்ணோக்கியின் கீழ் குறுக்குச் சுவர் போட்ட இழைகள், மூங்கில் குச்சிகளைக் கொட்டியது போலத் தெரியும். நம் பக்கத்து வயல்களில் ஃப்யூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லஸும்தான் அதிகம். இதற்கு நாட்டாமைசின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. மதுரை அரவிந்த் உள்ளிட்ட கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலைவிட அதுவே நன்றாக வேலை செய்தது, முக்கியமாக ஃப்யூசேரியத்தில்.

நாட்டாமைசினுக்கு அசையாத ஒன்றும் உண்டு. பித்தியம் என்று பெயர். பூஞ்சை போலவே இழை விடும், ஆனால் பூஞ்சை இனம் இல்லை. பூஞ்சை மருந்து போய்த் தாக்கும் எர்கோஸ்டெரால் என்ற பொருள் அதன் உறையில் கிடையாது. வளர்ந்த தட்டில் புல் இலைத் துண்டுகளைப் பதித்து, பிறகு அவற்றை நீரில் இட்டு வைத்தால், சில மணி நேரத்தில் வித்துகள் வால் முளைத்து நீந்தி வெளியே வரும். இளைய மருத்துவர்களுக்கு அதைக் காட்டும்போது இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அதற்கு லினசோலிட், அசித்ரோமைசின் என்று மருந்து முற்றிலும் மாறிவிடும். ஒரு வாரத்தில் கண் தேறவில்லை என்றால் மறுபடி சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ராதாபுரத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு மூக்கில் சதை வளர்ந்து ரத்தம் வடிகிறது. இரண்டு முறை எடுத்தும் மறுபடி வந்துவிட்டது. புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது.

மாடு குளிப்பாட்டும் குளத்தில் முங்கிக் குளிப்பவரா என்று கேளுங்கள். சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்து, மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைத்த சதையாக இருந்தால் ரைனோஸ்போரிடியோசிஸ் என்று நினைக்கிறேன். தென் தமிழகத்திலும் இலங்கையிலும் நன்கு தெரிந்த நோய். இந்தக் கிருமியை எந்தத் தட்டிலும் வளர்க்க முடியாது, ஆகவே எடுத்த சதையைக் கல்ச்சருக்கு மட்டும் அனுப்பினால் ஒன்றும் தெரியாது. திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் மாதுளையைப் பிளந்தது போல உருண்டைப் பைகளும் உள்ளே நெருக்கமாக வித்துகளும் தெரியும். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். நெடுங்காலம் இதைப் பூஞ்சை என்றே நம்பினார்கள். மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் உறவு என்று மரபணு ஆய்வு பிறகு காட்டியது. சதையை எடுத்து, அதன் வேரைச் சுட்டுவிட வேண்டும். அப்படியும் சிலருக்குத் திரும்பும். மறுபடி அதே குளத்தில் முங்கினால் சொல்லவே வேண்டாம்.

பித்தப்பைக்குத் துளை வழி அறுவை சிகிச்சை செய்தேன். ஒரு மாதம் கழித்துத் தொப்புள் பக்கத்துத் துளையில் கசிவு. மூன்று முறை கல்ச்சர், மூன்றிலும் வளர்ச்சி இல்லை. மருந்து மட்டும் மாற்றி மாற்றித் தருகிறார்கள்.

சாதாரணத் தட்டை இரண்டு நாளில் எறிந்துவிடுவோம், தங்கச்சி. உங்கள் புண்ணில் இருப்பது காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவாக, மைக்கோபாக்டீரியம் அப்செசஸ், ஃபார்ச்சூட்டம் போன்ற ஒன்றாக இருக்கலாம். அவை நீரில் வாழ்பவை, கருவி கழுவும் நீரிலிருந்தும் வரும். தட்டில் வளர ஒரு வாரம் வரை ஆகும். "அமிலத்தில் நிறம் போகாத கிருமிக்குச் சாயம், மைக்கோபாக்டீரியக் கல்ச்சர்" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பஞ்சில் ஒற்றி எடுத்தது போதாது, திசுவோ சீழோ வேண்டும். ஜீன் எக்ஸ்பெர்ட் என்ற மரபணுச் சோதனை காசநோயை மட்டும்தான் காட்டும், அது இல்லை என்றால் இதுவும் இல்லை என்று ஆகாது. பெயர் தெரியாமல் காசநோய் மாத்திரையை ஆறு மாதம் சாப்பிடாதீர்கள். இந்தக் கிருமிகளுக்கு அந்த மாத்திரைகள் பெரும்பாலும் பயன்படாது.

கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வருகிறது. பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்பலாமா?

மிக அரிதான நோய். நீரைக் குடிப்பதால் வராது, வெதுவெதுப்பாகத் தேங்கிய நீர் மூக்கில் விசையோடு ஏறும்போதுதான் வருகிறது. கோடையில் வற்றிய குட்டையில் குதித்து விளையாட விட வேண்டாம். குளித்த சில நாளில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால், குளத்தில் குளித்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். வார்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தண்டுவட நீரை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர்ந்தால் அமீபா நகர்வதை நிறுத்திவிடும், வெள்ளணுவிலிருந்து அதைப் பிரித்துக் காண்பது பெரும்பாடு. சூடு ஆறுவதற்குள் கையோடு கொண்டு வாருங்கள்.

ஆட்டுக்குப் பேறுகாலம் பார்ப்பவன். ஒரு மாதமாக மாலையில் காய்ச்சல், வேர்வை, முதுகு வலி.

ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லா என்ற கிருமி இருக்கிறதா பாருங்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். "ஆட்டுத் தொழில்" என்று சீட்டில் இருக்கட்டும். கல்ச்சர் பாட்டிலை அதிக நாள் வைப்பதற்கும், எங்கள் ஆய்வகத்துப் பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்வதற்கும் அது உதவும்.

எம்.எஸ்சி. படிக்கிறேன், டாக்டர். நீங்கள் மறக்காத தட்டு எது?

பல ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் ஒரு காலை. இன்குபேட்டரைத் திறந்தேன். ரத்த அகார்த் தட்டு முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் மினுமினுத்த புள்ளிகள், நாவல் பழச் சாறு தெளித்தது போல. குரோமோபாக்டீரியம் வயலேசியம். அதுவரை புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்தேன். குளத்து மண்ணிலும் நீரிலும் சும்மா கிடக்கும் கிருமி, ரத்தத்தில் ஏறிவிட்டால் சில நாளில் ஆளை முடித்துவிடும். வழக்கமாகப் போடும் செஃபலோஸ்போரின்கள் பெரும்பாலும் இதற்குப் பலிக்காது, சிப்ரோஃப்ளாக்சசின் பலிக்கும். சீட்டில் "காய்ச்சல்" என்ற ஒரு சொல்தான் இருந்தது. வார்டுக்கு ஓடினேன். பத்து வயதுப் பையன். எங்கே விழுந்தாய் என்று கேட்டதும் முழங்காலைக் காட்டினான், குளத்துப் படியில் சிராய்த்த காயம் இன்னும் ஆறவில்லை. அன்றே மருந்தை மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு எங்கள் சீட்டில் ஒரு கட்டம் சேர்த்தோம்: "கடந்த ஒரு மாதத்தில் வயல், குளம், ஆடுமாடு, காயம்." இன்றைக்கும் பாதிச் சீட்டுகளில் அது காலியாகத்தான் வருகிறது. வரும்போதெல்லாம் போனை எடுத்து வார்டைக் கூப்பிடுகிறேன்.