மிஷினை மூடி வைக்கும் இருபது நாட்கள்

தையல் அறை: வாசகியர் கேள்வி பதில்

கேள்வி: பாம்பனில் வடகடல் ஓரத்து வீட்டில் பதினான்கு ஆண்டுகளாகப் பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுத்து வருகிறேன். வீட்டின் முன்னறையே என் தையல் அறை. சில மாதங்களாக அந்த அறைக்குள் நுழைந்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது. நூல்கண்டுகளும் வெட்டுத்துணிகளும் மூலைக்கு மூலை கிடக்கின்றன. சுவரில் உப்புப் பூத்து உதிர்கிறது. கத்தரிக்கோல் வைத்த இடம் எனக்கே தெரிவதில்லை. கொஞ்ச நாள் தைப்பதை நிறுத்திவிட்டு அறையைச் சீர்செய்யலாம் என்றால், ஓடுகிற மிஷினை நிறுத்தினால் வாடிக்கை போய்விடும் என்று என் மாமியார் தடுக்கிறார். நிறுத்தலாமா? நிறுத்தினால் எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: தாராளமாக இருபது நாட்கள் நிறுத்துங்கள். உங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, பழுதான பலகையை மாற்றி, வண்ணம் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறார்கள். அதைப் பார்த்துத் தொழில் படுத்துவிட்டது என்று கரையில் யாரும் சொல்வதில்லை. உங்கள் மாமியாரும் அதைப் பார்த்தே வளர்ந்திருப்பார். அதையே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் அனுபவத்தில் வாடிக்கை போவது மிஷின் நின்றதால் அல்ல, சொன்ன தேதியில் துணி கைக்கு வராததால். ஆகவே பத்து நாட்களுக்கு முன்பிருந்தே புதுத் துணி வாங்குவதை நிறுத்தி, கையில் இருப்பதை முடித்துக் கொடுத்து, அளவுக்காக வாங்கி வைத்த பிளவுஸ்களைத் திருப்பித் தந்து, மீண்டும் தொடங்கும் தேதியை ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். தேதி சொல்லி நிறுத்துபவரை யாரும் விட்டுப் போக மாட்டார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்கு ஆடி மாதமே ஏற்றது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாணப் பிளவுஸ் வேலை குறைந்திருக்கும். ஆவணிக்கும் தீபாவளிக்கும் துணி வந்து குவிய இன்னும் நாள் இருக்கும். அதைவிட முக்கியமானது காற்று. ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிப்பதால் தென்கடல் கொந்தளித்தாலும் வடகடல் ஓய்ந்து கிடக்கும், உங்கள் சுவரும் காய்ந்திருக்கும். ஐப்பசியில் மழையும் வாடையும் தொடங்கிவிட்டால் உங்கள் வடக்குச் சுவர்தான் முதல் அடியை வாங்கும். அதன்பின் பூசுவது எதுவும் ஒட்டாது.

இனி அறைக்கு வருவோம். புது அலமாரியோ பிளாஸ்டிக் அடுக்கோ வாங்குவதிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அது வேண்டாம். முதல் நாள் அறையில் உள்ள அத்தனையையும் வெளியே எடுத்து, திண்ணையிலும் கட்டிலிலும் பாயிலும் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் கரையில் தையல் அறையின் முதல் எதிரி குப்பை அன்று, உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே நீர்விட்டுக் கரையும்; கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். ஐப்பசியில் அடுப்படி உப்புச் சாடியில் நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலை உங்கள் ஊசி முனையிலும் கொக்கி அட்டையிலும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி துருவால் பலமிழந்து, 2022 டிசம்பரில் ரயில் நின்றதை உங்கள் வீட்டு வாசலிலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஓயாமல் வண்ணம் பூசிக் காத்த இரும்புக்கே அந்த நிலை என்றால், அட்டையில் குத்திக் கிடக்கும் கொக்கி எத்தனை நாள் தாங்கும்?

கொக்கியைப் பற்றி ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தையல் தொழிலுக்கு வந்த புதிதில், சந்தன நிறப் பட்டில் ஒரு கல்யாணப் பிளவுஸ் தைத்து, வீட்டார் வாங்கிப் போகத் தாமதமானதால் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். இடையில் ஒரு மழை மாதம் போயிற்று. எடுத்துப் பிரித்தபோது ஆறு கொக்கிகளும் துருப்பிடித்து, ஒவ்வொன்றின் அடியிலும் மிளகளவு பழுப்பு வட்டம் பட்டில் இறங்கியிருந்தது. அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த பிற்பகல் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். கொக்கி வாங்கும்போது சிறு காந்தத்தைக் கொண்டுபோவேன். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளை என்று கொள்ளலாம், பித்தளையைத்தான் எடுப்பேன். தைத்து முடிந்த துணியைப் பிளாஸ்டிக் உறையில் ஒருநாளும் வைப்பதில்லை. வெளுத்த மல் துணியில் சுற்றி, மேலே ஒரு சீட்டில் பெயரும் தேதியும் எழுதி வைப்பேன். வெள்ளைப் பருத்தியில் துருக்கறை பட்டிருந்தால் எலுமிச்சைச் சாறும் பொடி உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசினால் பெரும்பாலும் போகும். பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை நிலைத்துவிடும். பட்டிலும் சாயத் துணியிலும் இந்த வைத்தியம் செய்யாதீர்கள்.

பரப்பிய பொருட்களில் நூலை இழுத்துப் பாருங்கள். பழைய பருத்தி நூல் வெளிப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஒரு முழம் இழுத்துச் சுண்டினால் காய்ந்த வாழைநார் போல முறியும். அதை வைத்துக்கொண்டு பயனில்லை. எலாஸ்டிக்கும் அப்படியே. லைனிங் துணிகளைப் பிரித்து உதறி, நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு மடிப்பில் மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் மஞ்சள் ஏறும், அங்கேதான் இழை விடும். கஞ்சி போட்ட துணியை அப்படியே அடுக்கி வைக்க வேண்டாம். வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். ஜரிகைத் துணிமேல் ரசக்கற்பூர உருண்டை நேராகப் படக் கூடாது. துணிக்கும் நூலுக்கும் நான் பரிந்துரைப்பது நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பனை ஓலைப்பெட்டிகளைத்தான். ஓலையின் இடுக்கில் காற்று போய்வரும், ஈரம் உள்ளே அடைபடாது. கீழக்கரைப் பக்கம் முடையும் மூடிபோட்ட பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். ஊசியும் கத்தரிக்கோலும் மட்டும் இதற்கு நேர்மாறு. அவற்றுக்குக் காற்றே ஆகாது. மிஷின் எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஊசி குத்தி வைக்கும் சிறு தலையணையைப் பஞ்சால் நிரப்பினால் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீப்பில் உதிரும் தலைமுடியைச் சேர்த்து நிரப்புவது பழைய பெண்களின் வழக்கம், அதிலுள்ள எண்ணெய்ப் பசை ஊசியைத் துருவிலிருந்து காக்கும்.

சுவரில் பூத்திருக்கும் உப்பை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. துடைத்தால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள் இறங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகப் பூக்கும். உலர்ந்த தேங்காய்நார் பிரஷால் தேய்த்து, உதிர்ந்ததை வாரி வெளியே கொட்டி, நான்கு நாட்கள் விட்டு, மறுபடி பூத்தால் மறுபடி தேயுங்கள். ஓதம் ஏறும் சுவருக்குப் பளபளக்கும் பெயிண்ட் பொருந்தாது. ஈரம் வெளியேற வழியின்றி அது கொப்புளம் கட்டி உரிந்து, உங்கள் வெட்டுமேசைமேலேயே விழும். சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை மூச்சுவிட அனுமதிக்கும், பூஞ்சையையும் எளிதில் அண்டவிடாது. ஆனால் அதைக் கரைக்கக் காவிரித் தண்ணீரையோ மழைநீரையோதான் பயன்படுத்த வேண்டும். போர் தண்ணீரில் கரைத்தால் நீங்கள் தேய்த்து எடுத்த உப்பை நீங்களே திரும்பப் பூசியதாகிவிடும். இஸ்திரிக்குத் தெளிக்கும் தண்ணீருக்கும் இதே விதிதான். போர் தண்ணீரால் துடைத்த தரை காய்ந்தபின் வெள்ளை படிவதைப் பார்த்தாலே விளங்கும்.

பொருட்களைத் திரும்ப உள்ளே வைக்குமுன், வெறும் அறையில் ஒரு காலை நேரம் முழுவதும் உட்கார்ந்து வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இதற்காகச் செலவிடும் மூன்று மணி நேரத்தை வீண் என்று எண்ண வேண்டாம். நீங்கள் சொல்லும் சோர்வுக்குப் பாதிக் காரணம் இங்கேயே இருக்கக் கூடும். மிஷினின் தண்டு வலப்புறமும் ஊசி இடப்புறமும் இருப்பதால், வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால்தான் தையலின்மேல் நிழல் விழாது. பலர் வீட்டில் மின் பிளக் இருக்கும் மூலையில் மிஷினைப் போட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் தங்கள் நிழலிலேயே குனிந்து தைத்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வடக்கு வெளிச்சம் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும், நிறம் பார்த்து நூல் எடுக்க அதைப்போல வேறில்லை. உங்கள் வடக்குச் சன்னலோ கடலைப் பார்த்தது. ஆகவே மிஷினைச் சன்னலை ஒட்டிப் போடாமல் நான்கடி உள்ளே தள்ளி, சன்னல் இடப்பக்கம் வரும்படி வைத்து, சன்னலுக்கு மெல்லிய பருத்தித் திரை போடுங்கள். உப்பில் ஒரு பகுதி அந்தத் திரையிலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிப் போட்டால் போதும். துணி வெட்டும் மேசை இடுப்பு உயரத்தில், ஏறத்தாழ 36 அங்குலம் இருக்கட்டும். தரையில் குந்தி வெட்டுவதை இந்த இடைவேளையோடு விட்டுவிடுங்கள்.

இருபது நாட்களையும் வேலையாலேயே நிரப்பிவிடாதீர்கள். சுண்ணாம்பு காயும் நாட்களில் துணியையே தொடாமல் இருங்கள். கைகளுக்கும் கண்களுக்கும் பதினான்கு ஆண்டுக் களைப்பு இருக்கிறது. அது நான்கு நாள் ஓய்வையாவது கேட்கும்.

கேள்வி: தையல் அறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியதில் நான்கு மூட்டை வெட்டுத்துணி சேர்ந்துவிட்டது. எறிய மனமில்லை, வைக்க இடமில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் பருத்தியையும் பாலியெஸ்டரையும் பிரியுங்கள். ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தால் தெரியும்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். பருத்தியில் ஒரு சாணுக்கு மேற்பட்டவற்றைப் பைப்பிங்குக்கும் பைகளுக்கும் எடுத்துக்கொண்டு, சிறியவற்றை மிதியடிக்கும் கரித்துணிக்கும் தள்ளுங்கள். ஓர் ஓலைப்பெட்டி கொள்ளும் அளவு என்று வரம்பு வைத்து, நிரம்பிய பின் புதிதாக ஒன்று போட வேண்டுமானால் பழையது ஒன்றை எடுத்துவிடுங்கள். பாலியெஸ்டர் துண்டுகளைத் தலையணைக்கும் நாற்காலி மெத்தைக்கும் திணிக்கலாம். எதுவானாலும் கடற்கரையில் கொட்டவோ எரிக்கவோ வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடற்பசு மேயும் கடற்புல் இருக்கிறது. செயற்கை இழை அங்கே போய்ச் சேர்ந்தால் மக்காது. கீழக்கரையிலிருந்து அந்தத் தீவுகள் தொலைவில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அறைக்கு வெள்ளையடிப்பதற்காக ஒரு மாதம் தைப்பதை நிறுத்துகிறேன். அதுவரை கால்மிதி மிஷினை எப்படி வைப்பது? தேங்காய் எண்ணெய் விட்டு மூடி வைத்தால் போதும் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். உறையாவிட்டாலும் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகி, சக்கரமே சுற்ற முடியாமல் பிடித்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் நிறமற்ற மிஷின் எண்ணெயையே விடுங்கள். அதற்குமுன் ஊசித்தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தைபோல் அடைந்திருக்கும். உப்பும் ஈரமும் குடியிருப்பது அந்தப் பஞ்சில்தான். அதைச் சிறு பிரஷால் ஒரு துளி மிச்சமில்லாமல் எடுத்து, ஷட்டிலையும் பாபின் கேஸையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். ஊசியைக் கழற்றிவிடுங்கள், எண்ணெய் தொட்ட பருத்தித் துணியை மடித்துப் பாதத்தின் அடியில் வைத்து இறக்குங்கள், தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து நழுவவிடுங்கள்.

வெள்ளையடிக்கும் நாட்களில் மிஷின் அந்த அறையில் இருக்கக் கூடாது. நகர்த்த இயலாவிட்டால் வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, மாலையில் எடுத்துவிட்டுப் பருத்தி உறை போடுங்கள். இரவெல்லாம் பிளாஸ்டிக்குக்குள் இருந்தால் உள்ளே வியர்க்கும். வாரம் ஒருமுறை சக்கரத்தைப் பத்துச் சுற்று சுற்றி வையுங்கள். மீண்டும் தொடங்கும் நாளில் புது ஊசி மாட்டுங்கள்; பருத்திப் பிளவுஸுக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய பட்டுக்கு 11ஆம் எண். நூல் கோக்குமுன் வெறும் ஊசியோடு வெள்ளை வெட்டுத்துணியில் ஓட்டிப் பாருங்கள். எண்ணெய்ப் பொட்டு விழுவது நின்றபின் நூல் கோத்து, துணியைத் திருப்பி அடித்தையலையும் பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இறுகியிருந்தால் வாடிக்கையாளரின் துணியை எடுத்து வையுங்கள்.